திதி பார்த்து ஏறும் கடல்

ஆண்டாப் ஹில் தமிழர்கள் பலருக்கும் கடல் என்றால் மேற்கே தாதரிலோ ஜுஹுவிலோ இருக்கும் சமாச்சாரம். ஆனால் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளுக்குக் கிழக்கே உப்பளங்களையும் அலையாத்திக் காட்டையும் தாண்டினால் மாஹுல் கடற்கழி வந்துவிடும். மும்பைத் துறைமுகத்திலிருந்து வடக்கே நுழையும் உப்புநீர் வழி அது. ஒரு பக்கம் 1680இல் எழுந்த செவ்ரி கோட்டை. எதிர்ப்பக்கம் 1950களில் வந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். நடுவில் சேறு.

இங்கே அலை பெரிதில்லை, ஓதம்தான் ஆபத்து. சென்னையில் கடல்மட்டம் ஏறி இறங்குவது அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவு. மும்பையில் அது நான்கு மீட்டரைத் தாண்டும். படகு மிதந்த இடத்தில் ஆறு மணி நேரம் கழித்துப் பூநாரைகள் நடைபோடும்.

கொங்கணக் கரையின் கோலி மீனவர்கள் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். திதியை முக்காலால் பெருக்கினால் நீர் உச்சம் தொடும் மணி. சதுர்த்தி என்றால் மூன்று, அஷ்டமிக்கு ஆறு. (முகூர்த்தத்துக்கு மட்டும் பஞ்சாங்கம் புரட்டும் மாதுங்கா மாமாக்கள் கவனிக்க.) அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம் 'உதாண்'; அஷ்டமியை ஒட்டிய சோனி ஏற்றம் 'பாங்'.

பாய்மரப் படகுக்கு வெளியேறுவது எளிது. விடியற்காலையில் இறங்கும் நீரும் கரைக்காற்றும் சேர்ந்து தள்ளிவிடும். சோதனை திரும்பும்போதுதான். பிற்பகல் கடற்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசும், போகவேண்டியதோ வடக்கே. வளைந்து வளைந்து காற்றை எதிர்த்து ஏற, கழியில் அகலம் கிடையாது. நீர்தான் படகைச் சுமந்து வரவேண்டும். சதுர்த்தி, பஞ்சமி அதற்குத் தோதான நாட்கள்.

ஏற்றம் பாதி கடந்த பிறகே நுழைய வேண்டும். தரை தட்டினாலும் சற்று நேரத்தில் நீரே தூக்கிவிடும். இறங்கும் நீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை சேற்றில் தவம். உதாணின் உச்சியில் தட்டினால் இன்னும் மோசம்: அடுத்தடுத்த ஏற்றங்கள் குறைந்துகொண்டே போகும், இரண்டு வாரம்கூடக் காத்திருக்க நேரலாம். இறங்கித் தள்ளலாம் என்று நினைப்பவர் முதலில் தன் காலை மீட்க வேண்டியிருக்கும்.

பாய்களின் இடத்தை டீசல் எஞ்சின்கள் எப்போதோ பிடித்துவிட்டன. எஞ்சினுக்குக் காற்றைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் சேறு அதையும் விடுவதில்லை. செவ்ரி சேற்றுப் பரப்பிலிருந்து கிளம்பும் 21.8 கிலோமீட்டர் அடல் சேது 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாலத் தூண்களைச் சுற்றி நீர் சுழித்தோடும் இடங்களில் தரை மாறும். தாத்தா காட்டிய தடம் மட்டும் போதாது. நேரத்துக்குத் திதி இருக்கிறது. ஆழத்தை மூங்கிலால் குத்தித்தான் பார்க்க வேண்டும்.