வாய்க்காலுக்கு மேல, வாய்க்காலுக்குக் கீழ

நாமக்கல்னு சொன்னா ஹாஸ்டல்ல மூணு பதில்தான் வரும்: முட்டை, லாரி, ஸ்கூல். மூணாவது பதிலைச் சொல்றவங்கள்ல பாதிப் பேர் அங்கயே ரெண்டு வருஷம் தங்கி ப்ளஸ் டூ முடிச்சவங்க. ஆனா ஊரு எப்படி இருக்கும்னு கேட்டா காம்பவுண்ட் சுவரைத் தாண்டிப் பார்த்ததே இல்லைம்பாங்க. ஞாயித்துக்கிழமையும் டெஸ்ட் வச்சா எங்க போய்ப் பார்க்கிறது? அதனால நாமக்கல் மாவட்டத்துல காவிரி ஓடுதுன்னு நான் சொன்னப்போ நம்பாத ஆளுங்க எங்க டிபார்ட்மெண்ட்லயே உண்டு.

ஓடுது. மேற்குல ஈரோட்டையும் தெற்குல கரூரையும் எங்க மாவட்டத்துல இருந்து பிரிக்கிறதே காவிரிதான். அந்தக் கரையில, பரமத்தி வேலூர் தாலுகாவுல, கபிலர்மலை ஒன்றியத்துல இருக்கு எங்க ஊர் ஜேடர்பாளையம். வேலூர்னா கோட்டையும் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிற வேலூர் இல்லை. நான் ஆர்டர் பண்ணின ஒரு ஜோடி ஷூ அந்த வேலூர் வரைக்கும் போய்ப் பார்த்துட்டுத்தான் எங்க வீட்டுக்கு வந்துச்சு.

ஊரு சின்னது. ஆனா ஞாயித்துக்கிழமை வந்து பார்த்தா சின்ன ஊர்னு சொல்ல மாட்டீங்க. காவிரிக்குக் குறுக்கே ஒரு படுகை அணை, பக்கத்துல ஒரு பூங்கா, ரோட்டோரம் வரிசையா மீன் வறுவல் கடை. ஆடி பதினெட்டுக்கு வண்டி நிறுத்த இடம் இருக்காது. வர்றவங்க குளிப்பாங்க, மீன் சாப்பிடுவாங்க, செல்ஃபி எடுப்பாங்க, கிளம்பிடுவாங்க. அணைக்குப் பக்கத்துலயே ஊரோட நிஜமான அதிசயம் சத்தமில்லாம ஓடிட்டிருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்க்கறதில்லை. அதுதான் ராஜா வாய்க்கால்.

இந்த வாய்க்காலை வெட்டினவர் அல்லாள இளைய நாயகர்னு எங்க பக்கம் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். பரமத்தியில இருந்து ஆண்ட பாளையக்காரர், 17ஆம் நூற்றாண்டுக்காரர்னு சொல்லுவாங்க. இப்போ ஊர்ல அரசாங்கம் அவருக்குச் சிலையும் வச்சிருக்கு. எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) வாய்க்கால்ல கால் கழுவறதுக்கு முன்னாடி ஒரு கை தண்ணி அள்ளி மறுபடி வாய்க்கால்லயே விடுவாரு. ஏன்னு கேட்டா, "வெட்டுனவனுக்குடா கண்ணு"ம்பாரு.

சிவில் சேர்ந்த பிறகுதான் அந்த வாய்க்கால்ல என்ன வேலை நடந்திருக்குன்னு எனக்குப் புரிஞ்சுது. ஆறு ஒரு சரிவுல இறங்கிப் போகுது. வாய்க்கால் அதே இடத்துல பிரிஞ்சாலும் ஆத்தை விடக் கம்மியான சரிவுல போகுது. அதனால போகப் போக வாய்க்கால் மேல நிக்கும், ஆறு கீழ போயிடும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிற நிலம் பூரா, மோட்டார் இல்லாம மடையைத் திறந்தாலே தண்ணி பாயற நிலம். இந்த ராஜா வாய்க்காலும் அதோட சேர்ந்த குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் சுமார் 16 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணி கொடுக்குது. சரிவு கொஞ்சம் அதிகமாயிருந்தா கரை அரிச்சுப் போயிருக்கும், கொஞ்சம் குறைஞ்சிருந்தா மண்ணு தங்கித் தூர்ந்திருக்கும். எங்க சர்வே லேப்ல ஆட்டோ லெவலை வச்சுக்கிட்டு காலேஜ் கிரவுண்டைச் சுத்தி வந்தாலே ரீடிங் டேலி ஆகறதில்லை. அந்தக் காலத்துல இதை எதை வச்சு மட்டம் பிடிச்சாங்களோ!

வாய்க்கால் கரை மேல நின்னு பாருங்க. ஒரு பக்கம் வாழை, தென்னை, கரும்பு, வெத்தலைக் கொடிக்கால். திரும்பி அடுத்த பக்கம் பார்த்தா மேட்டாங்காடு. செம்மண்ணு, பனை, சீமைக்கருவேல், தூரத்துல நீள நீளமா கோழிப்பண்ணை ஷெட்டு. நடுவுல இருக்கிறது அந்த ஒரு வாய்க்கால்தான். மாவட்டத்துல பெரும்பாலான இடம் இந்த ரெண்டாவது பக்கம் மாதிரி இருக்கிற வறண்ட பூமி. நாமக்கல்னு சொன்னதும் உங்க ஞாபகத்துக்கு வர்ற எல்லாமே அந்த வறண்ட பக்கத்துல இருந்து வந்ததுதான்.

என் அம்மா பொறந்தது அந்தப் பக்கம். புதுச்சத்திரத்துக்குக் கிட்ட ஒரு கிராமம். மழை பெய்ஞ்சா நிலக்கடலை, சோளம். பெய்யலைன்னா ஆடு மாடு. விவசாயத்தை நம்பி உக்காந்திருக்க முடியாதுன்னு அந்த ஊர்கள்ல ரொம்ப முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டினாங்க, லாரி ஓட்டினாங்க, அப்புறம் லாரி வாங்கினாங்க. கேஸ் டேங்கர் லாரி ஸ்டிரைக்னு நியூஸ் வந்தா பேட்டி நாமக்கல்ல இருந்து வர்றதைக் கவனிச்சிருப்பீங்க. திருச்செங்கோடுக்காரங்க போர்வெல் ரிக்கைத் தூக்கிக்கிட்டு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஆப்பிரிக்கா வரைக்கும் போனாங்க. கோழி வளர்த்தவங்க இன்னைக்கு தினமும் கோடிக்கணக்குல முட்டை அனுப்பறாங்க. சத்துணவு முட்டையில இருந்து வளைகுடா நாட்டு முட்டை வரைக்கும் அதுல அடக்கம்.

ராசிபுரம், ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு. மரவள்ளியை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். அதுல இருந்து வர்ற ஜவ்வரிசிக்கு ஒரு தனிக் கதை இருக்கு. ஜாவாவுல இருந்து வந்த அரிசிங்கறதுதான் ஜவ்வரிசி ஆச்சுன்னு சொல்றவங்க உண்டு. ரெண்டாம் உலகப் போர்ல தென்கிழக்கு ஆசியாவுல இருந்து சரக்கு வர்றது நின்னு போக, 1943 வாக்குல சேலத்துல மரவள்ளி மாவை வச்சு நாமளே செய்ய ஆரம்பிச்சோம். 1981ல சேகோசர்வ்னு கூட்டுறவு சங்கமே வந்துச்சு. பாயாசம் குடிக்கிறப்போ உலகப் போரை நினைக்கணும்னு இல்லை, சும்மா சொன்னேன்.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) ரிக் வண்டியில கிளீனரா ஏறினவர். வருஷத்துல எட்டு மாசம் ஊர் ஊரா ஆறரை இஞ்ச் குழி போட்டாரு. இப்போ சொந்தமா கோழிப்பண்ணை வச்சிருக்காரு. அவர் எங்க வீட்டுக்கு வந்தா முதல்ல வாய்க்காலுக்குத்தான் போவாரு. கழுத்தளவு தண்ணியில ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டு எந்திரிச்சு வந்து அப்பாகிட்ட சொல்லுவாரு: "ஆயிரம் அடி போட்டும் புகைதானுங்க மச்சான் வருது எங்களுக்கு. உங்களுக்கு வாசல்லயே ஓடுது."

அப்பா சிரிச்சுக்குவாரு. பதில் சொல்ல மாட்டாரு.

அப்பாவுக்கு இருக்கிறது குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கர் கொடிக்கால். வெத்தலை வெறும் தண்ணியில வளர்றது இல்லை, ஆள் கையில வளர்றது. முதல்ல அகத்தி விதைக்கணும். அது கொஞ்சம் நிமிர்ந்த பிறகு அதோட நிழல்ல கொடிக் கரணையை ஊணணும். கொடி ஏற ஏற அகத்தியோட சேர்த்துக் கட்டிட்டே வரணும், உயரம் போனா இறக்கி மண்ணுல பதிச்சு மறுபடி ஏத்தணும். அகத்தித் தழையை அப்பப்போ கவாத்து பண்ணணும். நிழல் ஜாஸ்தியானாலும் கெடுதி, கம்மியானாலும் கெடுதி. காலுக்குக் கீழ எப்பவும் ஈரம் இருக்கணும், தண்ணி தேங்கினா வாடல் நோய் வந்து ஒரே வாரத்துல வரிசை வரிசையாப் போயிடும்.

கட்டை விரல்ல இரும்பு நகம் மாட்டிக்கிட்டு ஒவ்வொரு இலையாக் கிள்ளணும். நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை. அதாவது ஒரு சுமைக்குப் பத்தாயிரத்து நானூறு தடவை கிள்ளணும். இதுக்கு மிஷின் கிடையாது. எங்க மெக் பசங்ககிட்ட ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தன் நல்லா யோசிச்சுட்டு ட்ரோன் பண்றேன்னு போயிட்டான்.

வேலூர் மார்க்கெட்ல வெள்ளைக்கொடிக்கு ஒரு விலை, கற்பூரிக்கு ஒரு விலை. இளம்பயிருக்கு ஒரு விலை, முதுகாலுக்கு வேற விலை. முகூர்த்த மாசத்துல ஏறும், ஆடியிலயும் மார்கழியிலயும் படுத்துடும். கல்யாணமே இல்லாத மாசத்துல இலையைக் கிள்ளாம விடவும் முடியாது, முத்திடும். கிள்ற கூலி மட்டும் எந்த மாசமும் இறங்காது. கூலி ஏறினதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். விடியக்காலை பனியில ஏணி மேல நின்னு கிள்றவங்களுக்கு அது கம்மிதான். ஆனா அந்த வேலை தெரிஞ்சவங்கள்ல இப்போ பெரும்பாலும் அம்பது வயசுக்கு மேலதான். அவங்க பசங்க மேட்டாங்காட்டுப் பக்கம் பண்ணைக்கும், பாடி கட்டற பட்டறைக்கும், திருப்பூருக்கும் போயிட்டாங்க. தண்ணி இல்லாத ஊர்ல வேலை இருக்கு. தண்ணி இருக்கிற ஊர்ல வேலைக்கு ஆளைக் காணோம்.

கரும்புக்கும் இதே கதைதான். பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலச் சந்தைக்கு இன்னும் சரக்கு போகுது, ஆனா ஆலைக் கொட்டகையில கொப்பரைக்கு முன்னாடி நிக்கிறவங்க பல பேர் வடமாநிலத்துக்காரங்க.

தண்ணியாவது நிச்சயமான்னு கேட்டா, அதுவும் இல்லை. 2017ல தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அறிவிச்சப்போ நான் பள்ளிக்கூடப் பையன். அந்தக் கோடையில ஆத்துக்குள்ள கிரிக்கெட் ஆடினோம், கொடி கண்ணு முன்னாடியே கருகுச்சு. அடுத்த வருஷம், 2018 ஆகஸ்ட்ல, மேட்டூர்ல இருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடி கிட்ட திறந்து விட்டாங்க. நாங்க ஸ்டம்ப் நட்ட இடம் எதுன்னே தெரியலை. ரெண்டு வருஷமும் நஷ்டம் நஷ்டம்தான்.

இப்போ பிரச்சனை தண்ணியைப் பத்தி இல்லை. நிலத்துக்காரர் குடும்பம் கோயம்புத்தூர்ல இருக்கு. நல்ல மனுஷன், ஒரு தடவை கூட குத்தகைக்கு நெருக்கினதில்லை. அவருக்கும் வயசாகுது, வந்து பார்க்க முடியலை. வர்ற தையோட குத்தகை முடியுது, அதுக்கப்புறம் தென்னை வச்சிடலாம்னு இருக்காரு. தென்னைக்குத் தினமும் ஆள் வேண்டாம். சொட்டு நீர் போட்டுட்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாப் போதும். அவர் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்னு நினைக்கிறேன். எங்க வாய்க்கால் ஓரமா அஞ்சாறு கொடிக்கால் ஏற்கனவே அப்படித்தான் தோப்பாயிடுச்சு. பார்க்கப் பச்சையா, போட்டோவுக்கு ரொம்ப நல்லா இருக்கும். உள்ள போனா மனுஷ சத்தமே இருக்காது. கொடிக்கால்ல விடியறதுக்கு முன்னாடியே பேச்சும் பாட்டும் சண்டையுமா இருக்கும்.

மாமா போன மாசம் வந்து நேராவே கேட்டுட்டாரு. "பண்ணைக்கு நம்பிக்கையான ஆள் வேணுமுங்க மச்சான். ஊடு இருக்குது, மாசம் பொறந்தா சம்பளம். வெலை ஏறுச்சா எறங்குச்சான்னு நீங்க பார்க்க வேண்டியதில்லீங்க."

நான் சரின்னுதான் சொன்னேன். எனக்கு இன்னும் மூணு செமஸ்டர் ஃபீஸ் இருக்கு, தங்கச்சி அடுத்த வருஷம் ப்ளஸ் டூ. அப்பாவுக்கு முட்டி வலி, ஏணி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. கணக்குப் போட்டா ஒரே பதில்தான் வருது. இன்னைக்குக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்லுவேன்.

முடியாதுன்னு சொன்னது அம்மா. எனக்கு அதுதான் ஆச்சரியம். அந்த ஊர்ல பொறந்தவங்க, பண்ணைக்கு நாலு தெரு தள்ளித்தான் அம்மிச்சி வீடு. போனா சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன். அம்மா தம்பிகிட்ட சொன்னது இதுதான்: "எட்டாங்கிளாஸ் வரைக்கும் நான் படிச்ச நாளை விட தண்ணிக்குக் கொடம் தூக்குன நாள்தான் அதிகம். உனக்குத் தெரியாது, நீ கைக்கொழந்தை. இந்த வாய்க்காலைப் பார்த்துட்டுத்தான் கல்யாணத்துக்கு சரின்னேன். உங்க மச்சானைப் பார்த்து இல்லை."

அப்பா இதுக்கும் சிரிச்சாரு. ஆனா கொஞ்சம் லேட்டா.

நிலத்துக்காரர் இந்த மாசக் கடைசியில ஊருக்கு வர்றதா இருக்கு. இன்னும் மூணு வருஷம் கொடிக்கால் வச்சுக்கறோம், அகத்தி வரிசைக்கு நடுவுல நாங்களே தென்னங்கன்னு நட்டு வளர்த்துக் கொடுத்துடறோம்னு கேட்டுப் பார்க்கலாம்னு அப்பா சொல்றாரு. கன்னு மரமாகிற வரைக்கும் நிலம் சும்மாதானே கிடக்கும்? அவர் ஒத்துக்குவாரான்னு தெரியாது. மாமாவும் பண்ணைக்கு இன்னும் வேற ஆள் போடலை.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சந்தையில ரெண்டு படி அகத்தி விதை வாங்கி, துணியில முடிஞ்சு அட்டாலி மேல வச்சிருந்துச்சு. அப்பா அதைப் பார்த்தாரு. எதுக்குன்னு கேக்கலை.