மட்டை மெஷினும் நானும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். கவிதை எழுதலாம் என்று உட்கார்ந்தால் "நிலவே..." என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. காதலைப் பற்றி எழுத நம் மெக்கானிக்கல் வகுப்பில் ஏது வாய்ப்பு! ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். தென்னை மட்டையைத் தூளாக்கும் மெஷின். சிவில் நண்பர்களும், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களும் பக்கத்தைத் திருப்பிவிடாமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர் ஆனைமலைப் பக்கம். அப்பா ஒரு தென்னந்தோப்பில் டிராக்டர் டிரைவர். அம்மா நார் மில்லுக்குப் போகிறார். அப்பா படித்தது இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவார், அதோடு சரி. எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் தெருவில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும், யாருடைய செல்போன் சார்ஜ் ஏறாவிட்டாலும், "டிப்ளமா படிக்கிற பையனைக் கூப்பிடு" என்பார்கள். போய் நன்றாக முழித்துவிட்டு வருவேன்.

2024-ல் இரண்டாம் வருஷம் முடிந்து ஊருக்குப் போனபோதுதான் இந்தக் கதை. தென்னை மரம் ஒன்று வருஷத்துக்கு சுமார் 12 மட்டை தள்ளும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் பத்து ஏக்கருக்கு 8,400 மட்டை. முன்னெல்லாம் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். தூளாக்கி மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் காயாது, பிறகு அதுவே மக்கி உரமாகிவிடும். இதைச் சொல்லி முதலாளியை மெஷின் வாங்க வைத்ததே அப்பாதான். பெரிய கம்பெனி மெஷின் வேண்டாம், பட்டறையில் செய்தது பாதி விலைக்குக் கிடைக்கும், டிராக்டர் பி.டி.ஓ.வில் மாட்டிக்கொள்ளலாம் என்று பேசி முடித்ததும் அவரேதான்.

மெஷின் வந்தது. பத்து மட்டை தின்றுவிட்டு அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுத்துவிட்டு ஓட்டினால் டிராக்டர் சீட்டே குதிக்கிற மாதிரி நடுக்கம். பட்டறைக்காரரைக் கேட்டால், "எங்ககிட்ட இருந்து போறப்ப நல்லாத்தான் ஓடுச்சு" என்றார். முதலாளி ஆள்காரர்கள் முன்னாடியே அப்பாவிடம், "உம் பேச்சைக் கேட்டு வாங்கினேன் பாரு, என்னைச் சொல்லோணும்" என்று சொல்லிவிட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லையாம். இதை எனக்குச் சொன்னது அம்மாதான். அம்மா இன்னொன்றும் சொன்னார். அந்த வாரம்தான் என் மூன்றாம் வருஷ ஃபீஸுக்கு முதலாளியிடம் முன்பணம் கேட்பதாக இருந்தாராம். இனி எந்த முகத்தோடு கேட்பது?

ராத்திரி சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே, "நாளைக்கு ஞாயித்துக்கெழமை. நீ வந்து ஒருக்கா பாரு கண்ணு" என்றார். எனக்கு சோறு இறங்கவில்லை. ஃபேன் விஷயத்தில் முழித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இதில் முழித்தால்?

காலையில் போனதும் முதலில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். அப்பா ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாகத்தான் வைத்தார். டீசல் கணக்கு முதலாளி பார்ப்பார் அல்லவா! டிராக்டர் மீட்டரில் பி.டி.ஓ. 540 என்று ஒரு குறி இருக்கிறது. இவர் ஓட்டியது அதற்கு வெகு கீழே, சுமார் 360 வரும். மெஷினில் பெரிய புல்லி 15 அங்குலம், கத்தி உருளையின் புல்லி 6 அங்குலம். அதாவது இரண்டரை மடங்கு. 540-ல் ஓட்டினால் கத்தி 1,350 சுற்று சுற்ற வேண்டும். 360-ல் வெறும் 900. அந்த வேகத்தில் கத்தி வெட்டாது, மென்று இழுக்கும். மென்ற நார்தான் உள்ளே சுற்றிக்கொள்கிறது. மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா, "அப்புடியா?" என்று கேட்டுக்கொண்டார். நம்பின மாதிரி தெரியவில்லை. குறி வரைக்கும் வைத்து ஓட்டினோம். அடைப்பு குறைந்தது, நடுக்கம் இன்னும் கூடியது! என் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது இடைவெளி. சுற்றுகிற கத்தி நாலு, கீழே போல்ட் போட்டு அசையாத கத்தி ஒன்று. கத்தரிக்கோல் மாதிரி இரண்டும் உரசாமல் நெருங்கிப் போக வேண்டும். அந்த மெஷினில் நடுவே என் சுண்டுவிரல் நுனி போனது. தென்னோலை அந்தச் சந்தில் மடிந்து நழுவாமல் என்ன செய்யும்! ஒர்க்‌ஷாப்பில் நாம் அலட்சியமாக மேஜையில் போட்டுவிட்டுப் போகிற ஃபீலர் கேஜ் அன்றைக்கு இருந்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். இருந்தது ஹாக்ஸா பிளேடுதான். நாம் கையால் அறுக்கிற பிளேடின் கனம் 0.65 மி.மீ. பல் இல்லாத முதுகுப் பக்கமாக இரண்டைச் சேர்த்து வைத்தால் 1.3 மி.மீ. அந்த அளவு போதும் என்று முடிவு பண்ணி, கீழ்க்கத்தியை நகர்த்தி, இரண்டு பிளேடை நடுவில் கொடுத்து, போல்ட்டை முறுக்கிவிட்டேன்.

"சாவி குடுங்கப்பா, ஓட்டிப் பாக்கலாம்" என்றேன்.

டிராக்டர் சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. நான் மெஷினில் கை வைத்த நேரம் முழுக்க அதை அங்கேதான் வைத்திருந்தார். அவர் சாவியைக் கொடுக்கவில்லை. "கையில ஒரு சுத்து சுத்திப் பாத்துக்கலாம் சாமி" என்று சொல்லிப் பெரிய புல்லியைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். முதல் கத்தி போனது. இரண்டாவது போனது. மூன்றாவது 'டக்' என்று கீழ்க்கத்தியில் முட்டி நின்றது.

நண்பர்களே, நான் ஒரே ஒரு கத்தியை வைத்து இடைவெளி பார்த்திருந்தேன். பட்டறை மெஷினில் நாலு கத்தியும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கும் என்று யார் சொன்னது? 1,350 சுற்றில் அது முட்டியிருந்தால் கத்தி உடைந்து எந்தப் பக்கம் பறந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது. அப்பா திட்டவில்லை. "ம்... மறுபடியும் கழட்டு" என்றார், அவ்வளவுதான்.

நாலு கத்தியையும் கழற்றினோம். ஒன்றின் முனை நீலமாக இருந்தது. சாணை பிடித்தவர் தண்ணீர் தொடாமல் அழுத்தித் தேய்த்திருக்கிறார், சூட்டில் பதம் போய்விட்டது. அப்போதுதான் எடையும் ஒன்றாக இருக்காதே என்று தோன்றியது. மளிகைக்கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். கடைக்கார அண்ணன், "கிலோ என்ன விலைங்க தம்பி?" என்று கேட்டார். கனமான கத்திக்கும் லேசான கத்திக்கும் 28 கிராம் வித்தியாசம்! திங்கட்கிழமை டவுன் லேத்தில் நாலையும் சரியாகப் பிடித்து, எடை சமமாக்கி வாங்கி வந்து மாட்டினோம். இந்தத் தடவை நாலு கத்திக்கும் தனித்தனியாகப் பிளேடு வைத்துப் பார்த்தேன். புல்லியை நானே மூன்று சுற்று சுற்றினேன்.

நடுக்கம் பாதி போனது. மீதிப் பாதி போகவில்லை. அது வேறு மாதிரி நடுக்கம், கட கட கட என்று. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அப்பா சொன்னார், "இது மெசின்ல இல்ல. நடுவுல சாப்ட்டுல வருது." படிக்காத மனுஷன், காதால் கண்டுபிடித்தார்! ஆனால் ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. அங்கேதான் நம் கரும்பலகை எனக்குக் கை கொடுத்தது. ஹூக்ஸ் ஜாயின்ட், பரீட்சைக்காக நாம் மனப்பாடம் பண்ணிய அதே படம்தான். கிராஸ் ஜாயின்ட் சாய்வாக ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள ஜாயின்ட் அதைச் சரிக்கட்டும். ஆனால் நடு ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள கவட்டைகள் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். எங்களுடையதில் ஒன்று நின்றபடி, ஒன்று படுத்தபடி! வண்டியில் ஏற்றுவதற்காக ஷாஃப்டைப் பிரித்தவர் திருப்பிச் சொருகும்போது மாற்றிச் சொருகியிருக்கிறார். சதுரக் கம்பி, நாலு வாக்கிலும் உள்ளே போகும். அதில் இரண்டு சரி, இரண்டு தப்பு.

பிரித்துத் திருப்பிச் சொருகினேன். உட்கம்பி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழாய்க்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். மட்டை கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று லிப்டில் தூக்கி வைத்திருந்த மெஷினை இறக்கித் தரையில் உட்கார வைத்தோம். ஷாஃப்ட் கிட்டத்தட்ட நேராக வந்தது.

ஓட்டுவதற்கு முன் ஒரு சண்டை. அந்த ஷாஃப்டுக்கு மூடியே இல்லை. அப்பா வேட்டி, தோளில் துண்டு. "20 வருசமா ஓட்றேன், எனக்குச் சொல்றியா?" என்றார். 540 சுற்று என்றால் ஒரு விநாடிக்கு 9 சுற்று, துண்டு மாட்டினால் உருவ நேரம் கிடைக்காது என்றேன். கேட்கவில்லை. "அப்பா, நான் இனி இந்த மெசினைத் தொட மாட்டனுங்க" என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்து ஸ்டீயரிங்கில் கட்டினார். பழைய ஆயில் டிரம்மை வெட்டி வளைத்து ஷாஃப்டுக்கு மேல் கூடாரம் மாதிரி மெஷின் சட்டத்தில் போல்ட் போட்டோம். மறுநாளிலிருந்து கால்சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். ஆள்காரர்கள் சிரித்தார்களாம்.

மெஷின் ஓடியது. அடி மட்டையை முதலில் கொடுத்தால் கர்ரென்று இழுத்துக்கொண்டது. கையால் தள்ளக்கூடாது, அடுத்த மட்டையால்தான் தள்ள வேண்டும். பச்சை ஓலையாகவே கொடுத்தால் இன்றும் கொஞ்சம் சுற்றிக்கொள்கிறது. காய்ந்ததோடு கலந்து கொடுத்தால் போகிறது. அதை இன்னும் என்னால் தீர்க்க முடியவில்லை. யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

முதலாளி வந்து தூளைக் கையில் அள்ளிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம், "பையன் எந்த வருசம்?" என்று மட்டும் கேட்டார். ஃபீஸ் கட்டிவிட்டேன்.

காலேஜுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், ஷாஃப்டின் இரண்டு பாதியிலும் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டேன். எழுதி வைத்தால் அப்பாவுக்குப் பயனில்லை. இரண்டு ஹாக்ஸா பிளேடை நூலால் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். அதை டிராக்டர் டூல் பெட்டியில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். இப்போதும் ஷாஃப்டைக் கழற்றி மாட்டுகிற அன்றைக்கெல்லாம் ராத்திரி ஹாஸ்டலுக்கு போன் வரும்.

"செவப்புக்குச் செவப்பு பாத்துட்டேன் கண்ணு. சாப்ட்டியா?"

— இயந்திரவியல் துறை மூன்றாம் ஆண்டு மாணவன்