கொத்தமல்லிக்குக் கார் வேண்டாம்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் சந்து. எதிரே இஸ்திரிக் கடையில் துணிக்காகக் காத்திருக்கிறேன். பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் சாவிக்கொத்தோடு தரகர். கூடவே அறுபதைத் தாண்டிய தம்பதி.

"லிஃப்ட் இல்லியாப்பா?"

"முதல் மாடிதானே சார். யூ.டி.எஸ்., அதான் பிரிக்காத மனைப் பங்கு, அதைப் பாருங்க. 850 அடி வீட்டுக்கு 550 அடி மனை. புதுசுல இவ்வளவு வராது."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மனையைப் போல் ஒன்றரை மடங்குதான் கட்டலாம் என்றிருந்த காலத்துக் கட்டடம் அது. 2019 விதிகள் அதை இரண்டு மடங்காக்கின. அதனால் பழைய வீடுகளில் ஆளுக்கு வரும் மண் அதிகம்.

பெரியவர் அடுத்ததாகக் கேட்டது, மயிலாப்பூரில் வீடு வாங்குபவர் யாரும் கேட்க மறக்கக் கூடாதது. "மனை கோயில் மனை இல்லையே?"

கபாலீசுவரர் கோயிலுக்கு இந்தப் பகுதியில் நிறைய நிலம் உண்டு. கட்டடம் ஒருவருக்கு, அடிமண் கோயிலுக்கு என்றிருந்தால் பத்திரப் பதிவில் முட்டிக்கொண்டு நிற்கும். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று தரகர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

அந்த அம்மாளை அங்கே காணோம்.

சற்று நேரத்தில் சந்து முனையில் தெரிந்தார். ஒரு கையில் கீரைக்கட்டு, மறு கையில் கொத்தமல்லி. நெற்றியில் வியர்வை, முகமெல்லாம் மலர்ச்சி.

"காய்கறிக் கடை வரைக்கும் போயிட்டு வந்துட்டேங்க. வழியிலேயே மருந்துக்கடை இருக்கு. குளத்தைச் சுத்திக்கிட்டுக் கோயிலுக்கும் போயிடலாம். திருமயிலை ஸ்டேஷனும் பக்கந்தானாம்."

"இப்ப நாம இருக்கிற நாவலூர்ல என்ன குறைச்சல்? நீச்சல்குளம் இருக்கு, பார்க் இருக்கு, லிஃப்ட் இருக்கு."

"எல்லாம் இருக்கு. ஒரு கொத்தமல்லிக்குக் காரை எடுக்கணும். கண் ஆபரேஷனுக்கப்புறம் ராத்திரியில உங்களால ஓட்ட முடியல. எனக்கு ஓட்டவே தெரியாது. யாராவது வரணும், கூட்டிட்டுப் போகணும்."

பெரியவர் பதில் சொல்லவில்லை. காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

எனக்கு நெஞ்சு நிறைந்தது. தரகர் சதுர அடியைக் கணக்கிட்டார், பெரியவர் பத்திரத்தைச் சோதித்தார். யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்வரும் உரிமையை அந்த அம்மாள் விலை பேசிக்கொண்டிருந்தார். மூவரிலும் சரியாக வீடு பார்த்தவர் அவர்தான்.

ஆனால் கீரையோடு அவர் நடந்து வந்ததையும் பார்த்தேன். நடைபாதையை மோட்டார் சைக்கிள்கள் அடைத்திருந்தன. வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சாலையில்தான் வந்தார். லஸ் பக்கம் போனால் மெட்ரோ வேலைத் தடுப்புகள் வேறு. எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் கால் வைக்க இடமில்லை என்பது பெருங்கொடுமை. நடைபாதையை மீட்டுத் தருவது மாநகராட்சியின் கடமை.

மாடிப்படியில் ஏறும்போது கைப்பிடிச் சுவரை அந்த அம்மாள் இறுகப் பற்றிக்கொண்டார். தரகர் அதைக் கவனித்துவிட்டார். "2022 சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க சம்மதிச்சா இடிச்சுக் கட்டலாம்மா. அப்ப லிஃப்ட் வந்துடும்."

"அது வர்றப்ப வரட்டும்ப்பா" என்றபடி அடுத்த படியில் கால் வைத்தார்.

வீடு பார்க்கப் போகிறவர்களே, வில்லங்கச் சான்றைக் கட்டாயம் பாருங்கள். அதோடு ஒரு சாயங்காலம், வீட்டில் மூத்தவரை முன்னே விட்டு, அந்த வாசலிலிருந்து கடைத்தெரு வரை நடந்தும் பாருங்கள்.