தண்ணீர் குடித்த இன்ஜின்

காடு மலை ஏறும் வண்டியும் பெங்களூர் மழையில் படுத்துவிடுகிறது. எழுப்ப முடியும், சாவியைத் தொடாமல் இருந்தால்.

2022 செப்டம்பர் 5. பொழுது விடிந்தபோது பெங்களூரின் பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகள் வெள்ளக்காடாகியிருந்தன. முந்தைய இரவு பெய்த மழை சுமார் 130 மி.மீ. கம்ப்யூட்டர் நிறுவன ஊழியர்கள் 50 ரூபாய் கொடுத்து டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். பங்களாக்களின் வாசலில் விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்கள் மூழ்கிக் கிடந்தன. கரடுமுரடான பாதைக்கென்றே வாங்கப்பட்ட உயரமான வண்டிகளும் தப்பவில்லை.

கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில், பெரிய ஆறு எதுவும் இல்லாத ஊரில் வெள்ளமா? விடை, ஊரின் பழைய வரைபடத்தில் இருக்கிறது. ஓர் ஏரி நிரம்பினால் ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய் வழியாக நீர் அடுத்த ஏரிக்குப் போகும். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம். சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமாகிவிட்டது. கால்வாய்கள் பல இடங்களில் கட்டடங்களுக்கிடையே குறுகிப்போயின. பெல்லந்தூர் நீர் வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையில் கலந்து ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வர வேண்டும். வழி அடைபட்டால் சாலையில் நிற்கிறது.

சாலையில் நிற்கும் நீரை வண்டி குடிப்பது, காற்றை இழுக்கும் குழாய் வழியாக. டீசல் இன்ஜின் காற்றைச் சுமார் பதினாறு மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டில் டீசலை எரிக்கிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே ஏறும் பிஸ்டன் நீரில் முட்டி நிற்க, அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைகிறது. சில சமயம் உடைந்து, இன்ஜின் பிளாக்கையே பொத்தலாக்குகிறது.

உதிரிபாகக் கடைகள் நெருக்கியடிக்கும் ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் பக்கம் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "செல்ஃப் அடிச்சீங்களா?" இல்லை என்றால் பிழைக்க வழியுண்டு.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் சந்தேகம் உறுதி. பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளையும், டீசலில் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். நீர் துளை வழியே பீச்சிக்கொண்டு வெளியேறும். பாதியில் தட்டினாலோ, ஒரு பிஸ்டன் மட்டும் மற்றவற்றின் உயரத்துக்கு வராவிட்டாலோ ராடு வளைந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றுவது தவிர வேறு வழியில்லை.

தடையின்றிச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட வேண்டும். தாமதித்தால் துருவேறி பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். பழைய ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் நீர் கலந்திருக்கிறது. அதை வடித்து, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, சில நிமிடம் ஓடவிட்டு மறுபடி வடிக்க வேண்டும். நிறம் தெளியும்வரை இதே வேலைதான்.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு இதுவும் போதாது. சூடான டிஃபரன்ஷியல் பெட்டி சட்டென்று நீரில் குளிரும்போது, மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். முன், பின் டிஃபரன்ஷியல்கள், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றிலும் ஆயிலைப் பார்த்தாக வேண்டும்.

செல்ஃப் அடித்தவருக்குக் காத்திருப்பது இன்னொரு அடி. நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் உடைந்த இன்ஜினுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸில் வழக்கமாகப் பணம் கிடைப்பதில்லை. இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனி பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.

வண்டியின் உயரம் தரும் தைரியத்துக்கும் எல்லை உண்டு. 2020இல் வந்த மஹிந்திரா தார், 650 மி.மீ. ஆழம்வரை நீரைக் கடக்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. ஸ்நார்க்கல் பொருத்தினால் காற்றுக் குழாயின் வாய் உயரும், அவ்வளவுதான். கலங்கிய நீருக்கடியில் சாலை எவ்வளவு இறங்குகிறது என்பதை அது சொல்லாது.

2023 மே 21 அன்று, விதான சௌதாவுக்கு அருகே கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் தேங்கிய மழைநீரில் ஒரு குடும்பம் வந்த கார் சிக்கியது. மளமளவென்று ஏறிய நீர் ஓர் இளம்பெண்ணின் உயிரைப் பறித்தது. நீர் புகுந்த இன்ஜினை வடித்து, துடைத்து மறுபடி ஓட்டலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது நான்கு சக்கரங்களுக்கும் பொருந்தும்.