கோணலை அளக்கும் கருவி

கோணல் உண்டென்று காண்பது எளிது. அது எவ்வளவு என்று சொல்வதே அரிது. குறிஞ்சாக்கேணியில் மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் என் பழைய மாணாக்கர் ஒருவர், சுழல்தண்டின் நேர்மையை அளக்க எக்கருவியை வாங்கலாம் என்று என்னிடம் வினவினார். தண்டு சற்றே வளைந்திருந்தாலும் படகு அதிரும், தாங்கிகள் தேயும், தண்டு வெளிப்படும் துளைவழியே நீர் கசியும். நடுக்கடலில் அது உயிருக்கே ஊறாகலாம்.

இரும்புக் கோலைத் தண்டோடு ஒட்டிவைத்து, இடையே ஒளி தெரிகிறதா என்று பார்ப்பது பழைய வழி. அது கோணலைக் காட்டும், அளவைச் சொல்லாது. மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கையும் காட்டும் முள்மானியே இதற்கு ஏற்றது. பள்ளம் வெட்டிய இரு கட்டைகளின்மீது தண்டைக் கிடத்தி, மானியின் முனை அதன் நடுவைத் தொட, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். முள்ளின் ஏற்ற இறக்கத்தில் பாதியே உண்மையான விலகல்.

சுற்று முடிந்ததும் முள் தொடங்கிய இடத்துக்கே மீளவேண்டும். மீளாவிடின் அந்த அளவை நம்பலாகாது. கட்டையோ மானியோ அசைந்திருக்கிறது. ஆதலால், "விலையுயர்ந்த மானியைத் தேடுமுன் அசையாத கட்டைகளைத் தேடுக" என்றேன்.

பிறர் கோணலை அளக்கப் புகுவோர்க்கும் இது பொருந்தும் அன்றோ!