காணாத நண்பர்களும் எட்டுப் படிகளும்

புனித சின்னப்பர் உரோமை நகரத்துச் சபைக்குத் தம் நெடிய மடலை வரைந்தபோது அந்நகரை அவர் கண்டதில்லை. மடலின் இறுதியில் பெயர் சொல்லி வாழ்த்தும் சிலரைத் தவிர, அங்கிருந்தோரில் பெரும்பாலோரின் முகமும் அவருக்குத் தெரியாது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சென்றபின் அவர் கைதியாக இத்தாலி மண்ணில் நடந்து வருகையில், அந்நகரத்துச் சகோதரர்கள் அப்பியு சந்தை வரையிலும் மூன்று விடுதிகள் என்னுமிடம் வரையிலும் எதிர்கொண்டு வந்தனர். அவர்களைக் கண்டதும் அவர் இறைவனுக்கு நன்றி கூறித் துணிவுற்றார் என்கிறது அப்போஸ்தலர் பணி நூல். அத்துணை ஆழமான மடலை எழுதியவருக்கும் முகத்தைக் கண்ட பின்னரே துணிவு பிறந்தது என்பது நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்த செய்தி.

2024 நவம்பரில் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர்கள் கூடிய மாநாடொன்றுக்கு நாம் சென்று வந்ததைக் கேள்வியுற்ற உடன்குருக்கள் சிலர், "ஓய்வுக்குப் பின் வேறு தொழிலுக்கு இப்போதே வழி தேடுகிறீரோ?" என்று நகைத்தனர். நம் பங்கில் புதிய ஆலயம் எழுப்பும் முயற்சி ஐந்து ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. குருமடத்தில் நமக்கு மெய்யியலும் இறையியலும் இலத்தீனும் கற்பித்தார்கள். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பாடவேளை ஒதுக்கினாரில்லை. ஆயினும் பங்குக் குருவாகிய ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு கட்டடமாவது கட்டியே தீரவேண்டும் என்பது எழுதப்படாத திருச்சபைச் சட்டம் போலும்.

பழைய ஆலயத்தில் எதிரொலி மிகுதி. மறையுரையின் ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் ஏறி அமர்ந்துவிடும். புதிய ஆலயத்திலும் அக்குறை தொடரலாகாதே என்னும் கவலையில், ஆங்கில இதழொன்றில் கட்டுரை எழுதியிருந்த கோவையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். அன்றிரவே நான்கு பக்க மறுமொழி வந்தது. அவர் நம்மைப் புதுச்சேரியில் ஒலியியல் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவருக்கு அறிமுகம் செய்தார். அவர் மங்களூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அம்மையார் ஒருவருக்கு. இவ்வாறு நான்கு ஆண்டுகள் நால்வரும் எழுதிக்கொண்டே இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. பிசிராந்தையாருக்கும் கோப்பெருஞ்சோழனுக்கும் இருந்த நட்பைப் பள்ளியில் படித்தபோது அது புலவர் கூட்டிச் சொன்னது என்று எண்ணியவர்கள் நம்மில் உண்டு. நமக்கோ அது நடக்கக் கூடியதே என்று விளங்கிற்று.

மூவரும் அம்மாநாட்டுக்கு வருவதாக எழுதினர், நம்மையும் அழைத்தனர். ஆயர் பெருந்தகையின் இசைவோடு இரயிலேறினோம்.

மாநாடு என்றால் நாம் அறிந்தது நற்கருணை மாநாடும் இளைஞர் மாநாடுமே. இது வேறு வகை. வாயிலில் கழுத்தில் மாட்டும் அட்டை தந்தார்கள். 1972 ஆம் ஆண்டின் சட்டப்படி, அதற்குரிய மன்றத்தில் பதிவு பெற்றவரே இந்நாட்டில் தம்மைக் கட்டடக் கலைஞர் என்று அழைத்துக்கொள்ளலாம் என்பதால், நம் அட்டையில் 'விருந்தினர்' என்று மட்டும் இருந்தது. கூடத்தின் ஒரு புறம் ஓடு, கண்ணாடி, மின்தூக்கி, சாயம் விற்போரின் கடைகள். திருவிழாக் கடைத்தெருவே தோற்றது, பொரிகடலை ஒன்றுதான் குறை. மறுபுறம் உரைகள். இரும்பையும் கண்ணாடியையும் பற்றி வல்லுநர்கள் பேசினர். பாதி நமக்குப் புரிந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு கொத்தனாரைக்கூட நாம் காணவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பொறியாளரை முதலில் கண்டோம். அவருடைய எழுத்து நீதிபதியின் தீர்ப்புப் போலிருக்கும். 'இது தவறு, மாற்றுக' என்பதற்கு மேல் ஒரு சொல் இராது. நேரில் கண்டவரோ மென்குரலினர். வீட்டிலிருந்து டப்பா நிறைய மைசூர்பாகு கொண்டுவந்து, நாம் உண்ணும் வரை அருகிலேயே நின்றார். மடல்களில் நகைச்சுவை பொங்க எழுதும் விரிவுரையாளர் நேரில் வாய் திறக்கவே நாணினார். ஒலியைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் வேறு மனிதர்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895 இல் ஃபாக் அருங்காட்சியகத்தின் புதிய சொற்பொழிவுக் கூடத்தில் பேச்சே விளங்கவில்லையாம். சொன்ன சொல் ஐந்தரை நொடி நேரம் சுவர்களுக்கிடையே சுழன்றுகொண்டிருந்தது. வாலஸ் சாபின் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யும் பொறுப்பு வந்தது. அவர் இரவு வேளைகளில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, கூடத்தில் அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். இடம் பெரிதானால் ஒலி நீளும். ஒலியை விழுங்கும் பொருள் மிகுந்தால் குறையும் என்னும் கணக்கு அவ்விரவுகளில் பிறந்தது. விரிவுரையாளர் தேநீரை ஆறவிட்டு இதனை விளக்கினார். "மெத்தை மட்டுமன்று ஃபாதர், மனித உடலும் ஒலியை விழுங்கும். ஆள் நிறைந்த கோவிலில் எதிரொலி தானாகக் குறையும்" என்றார்.

"வர வேண்டியவர்கள் எல்லாரும் உள்ளே வர முடிந்தால்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மங்களூர் அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

நான்கு ஆண்டுகளில் அவர் நமக்கு எழுதிய மடல் ஒவ்வொன்றும் ஒரே கேள்வியில்தான் முடியும்: "படிகளைப் பற்றி என்ன முடிவு செய்தீர்கள்?" நம் பங்கு தாழ்ந்த நிலம், ஐப்பசி மழையில் தெருநீர் உள்ளே புகும். ஆகவே கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்று சொல்லும் அடிமேடையை நான்கு அடி உயர்த்தி, முகப்பில் எட்டுப் படிகள் வைப்பதாக வரைபடம். அவர் கேள்வியைப் பங்குப் பேரவையில் நாம் படித்துக் காட்டியபோதெல்லாம், "சாமி, நம்ம கோவிலுக்குச் சக்கர நாற்காலியில் வர்றவங்க யாரு இருக்காங்க?" என்று உறுப்பினர்கள் கேட்டனர். தம்மைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதியதில்லை. சிறு வயதில் வந்த நோயால் கால்கள் செயலிழந்ததை அன்றுதான் சொன்னார். அதையும் நாம் கேட்டதால் சொன்னார்.

பிற்பகல் அவர் பேச வேண்டும். மேடைக்கு ஐந்து படிகள், சாய்தளம் இல்லை. கட்டடம் கட்டுவோர் கூடிய அவையில் இந்நிலை! நாற்காலியோடு தூக்கி ஏற்ற நான்கு இளைஞர் ஓடிவந்தனர். அவர் நன்றி கூறி மறுத்து, மேடைக்கு முன்னே தரையிலிருந்தே பேசினார். அன்று பேசியவர்களில் அவர் சொன்னதைத்தான் அவை முழுதும் கூர்ந்து கேட்டது. பின்னர் நம்மிடம் சிரித்துக்கொண்டே, "கப்பர்நாகூமில் நான்கு நண்பர்கள் கூரையைப் பிரித்து முடக்குவாதக்காரரை இறக்கினார்களே, ஃபாதர். அந்த நண்பர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த வீட்டுக்கு வாசல் இருந்தது. அதை மறித்து நின்றவர்கள் யாரும் விலகவில்லை, அதை ஒருவரும் சொல்வதில்லை" என்றார். அந்நற்செய்தியை வைத்து எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறோம். வாசலில் நின்ற கூட்டத்தின் பக்கம் ஒருவரும் நம்மைத் திருப்பியதில்லை.

பின் தாளை விரித்துக் கணக்குப் போட்டார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நான்கு அடிக்கு நாற்பத்தெட்டு அடி. இடையே நின்று மூச்சு வாங்கச் சமதளம். இரு புறமும் கைப்பிடிக் கம்பி. பொது மக்கள் புழங்கும் இடங்களில் இத்தகைய வசதி இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இலேயே சொல்லியிருக்கிறது. சக்கரீஸ்து அறைக்குப் பின்னால் வைத்துவிட்டால் இடம் மிச்சமாகுமே என்று, பேரவையின் எண்ணத்தை எடுத்துரைத்தோம். "அது சரக்கு ஏற்றும் வழி அல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு இரயிலில் அவர் ஊர் திரும்பினார். மறுநாள் காலை நாங்கள் மூவரும் ஸ்ரீகாரியத்தில் லாரி பேக்கர் கட்டிய லயோலா சிற்றாலயத்தைக் காணச் சென்றோம். 1917 இல் இங்கிலாந்தில் பிறந்த பேக்கர், தொழுநோயாளர் பணிக்காக இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டவராகவே ஆகி, 2007 இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். உள்ளூர்ச் செங்கல்லும் எளிய தொழிலாளரும் போதும் என்று காட்டியவர். அச்சிற்றாலயத்தின் உயர்ந்த சுவர்களில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, பலகணி போல் காற்றும் ஒளியும் நுழைய விட்டிருக்கிறார். விலையுயர்ந்த பொருள் ஒன்றுமில்லை. ஆயினும் உள்ளே சென்றதும் குரல் தானே தாழ்ந்தது.

பொறியாளர் இரண்டு ஆண்டுகளாக நமக்கு எழுதிவந்த எலிப்பொறிக் கட்டும் பேக்கர் பரப்பியதே. செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டினால் சுவரின் நடுவே வெற்றிடம் விழும். சுவரின் கனம் ஒன்பது அங்குலமே ஆயினும், செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம். அவ்வெற்றிடத்தால் வெயிலின் வெப்பமும் உள்ளே எளிதில் இறங்காது. கடிதத்தில் படித்தபோது இது சிக்கனத்துக்கான வழியாகத் தோன்றிற்று. அன்று அவர் திண்ணையில் அமர்ந்து, மைசூர்பாகு டப்பாவின் மூடியில் பென்சிலால் எழுதிக் காட்டினார்: சுவரில் மிஞ்சும் தொகை சாய்தளத்தின் செலவில் பெரும்பகுதியை ஈடுசெய்யும். மூடியைக் கேட்டு வாங்கி வந்தோம். பேரவைக் கூட்டத்தில் அதுவே நம் ஆவணம்.

ஊர் திரும்பி, வீட்டில் நற்கருணை பெறும் நோயாளிகள் முதியோரின் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். பதினொரு பேர். அந்த மாத முதல் வெள்ளியன்று ஒவ்வொருவரிடமும், படி இல்லாத வழி இருந்தால் ஆலயத்துக்கு வருவீர்களா என்று கேட்டோம். அறுவர் வருவதாகச் சொன்னார்கள். 'யாரு இருக்காங்க?' என்ற கேள்விக்கு அறுவரின் பெயரைப் பேரவையில் வாசித்தோம். அவர்களுள் ஒருவர் கேள்வி கேட்ட உறுப்பினரின் தாயார்.

சாய்தளத்தை முகப்பின் வடபுறமாகவே கொண்டுவந்து, எட்டுப் படிகள் சேரும் அதே தலைவாசலில் சேர்க்கும்படி வரைபடம் மாற்றப்பட்டுள்ளது. அவ்விடத்தில் கெபி கட்டித் தருவதாக ஒரு குடும்பத்தார் முன்பே வாக்களித்திருந்தனர். கெபியைத் தென்புறம் மாற்ற அவர்கள் இன்னும் இசையவில்லை. அவர்கள் மனத்தாங்கலும் பொருளற்றதன்று. மறைந்த தந்தையாரின் நினைவாக எடுக்கும் பணி அது. இரு முறை அவர்கள் வீட்டுக்குச் சென்று பேசினோம். மூன்றாம் முறையும் செல்வோம்.

சென்ற முதல் வெள்ளியன்று, பட்டியலில் மூத்தவரான எண்பத்தாறு வயதுப் பாட்டியிடம் நாற்பத்தெட்டு அடிக் கணக்கைச் சொன்னோம். அவர் சற்று நேரம் யோசித்து, "அவ்வளவு தூரம்னா, ரெண்டு பக்கமும் பிடிச்சிக்கக் கம்பி இருக்குமா சாமி?" என்று கேட்டார். வரைபடத்தில் இருக்கிறது என்றோம்.