பீப்பாயில் எழுதிய ஊர்ப்பெயர்கள்

கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து டெமராரா ஆற்றின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போனால் டயமண்ட். வடிசாலை வாசலுக்கு முன்பே மொலாசஸ் வாடை மூக்கில் ஏறிவிடுகிறது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் அந்தக் கரும்பாகில் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்கவிட்ட ஊறலைக் காய்ச்சி வடித்தால் ரம். எல் டொராடோ என்ற பெயரில் உலகெங்கும் போகும் நாள்பட்ட ரம்முக்கு இதுதான் பிறந்த வீடு.

மற்ற ஊர்களில் செம்பிலும் எஃகிலும் வடிக்கிறார்கள். இங்கே மரத்திலும் வடிக்கிறார்கள். போர்ட் மூரன்ட் இரட்டைக் கலன், வெர்சேல்ஸ் ஒற்றைக் கலன், என்மோர் காஃபி (Coffey) கலன் எனப் பழைய கரும்புத் தோட்டங்களின் பெயர் தாங்கிய மூன்று மரக்கலன்கள். போர்ட் மூரன்ட் கலனுக்கு 1732, என்மோர் கலனுக்கு 1880 என்று பிறந்த ஆண்டு சொல்கிறார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான கிரீன்ஹார்ட் மரப் பலகைகளை நிறுத்தி வைத்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மேலே செம்புக் கழுத்து. பக்கத்தில் நின்றால் பலகை இடுக்குகளில் ஈரம் மினுங்குவது தெரிகிறது. காய்ந்தால் மரம் சுருங்கி வாய் விட்டுவிடும். அதனால் ஈரம் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உளுத்த பலகையைக் கழற்றி, அதே அளவில் புதியதைச் செதுக்கிப் பொருத்துவதற்கு வரைபடத்தைவிடக் கைப்பழக்கம்தான் துணை.

பீப்பாய்க் கொட்டகையில் சுத்தியல் சத்தம் ஓயவில்லை. பர்பன் விஸ்கியைப் புதிய ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அங்கே ஒருமுறை பயன்பட்டுக் கழித்தவை இங்கே வருகின்றன. வயதான தச்சர் ஒருவர் வளையத்தைத் தளர்த்தி, இரண்டு பலகைகளுக்கு நடுவே காய்ந்த நாணல் இதழைச் செருகி, பீப்பாயைச் சுற்றி நடந்தபடியே வளையத்தை அடித்து இறக்கினார். “ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும் தம்பி. ஆவியாகிப் போவதை யார் தடுப்பது?” என்றார். ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலுள்ள விஸ்கி ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். இந்த வெக்கையில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. புட்டியின் சீட்டில் 15 ஆண்டு என்று இருந்தால், கலவையில் இருப்பதிலேயே இளைய ரம்மின் வயது அது.

பீப்பாய்த் தலையில் குறியெழுத்துகள். பி.எம். என்றால் போர்ட் மூரன்ட். இ.எச்.பி. என்பது என்மோர் தோட்டத்தின் பழைய முதலாளி எட்வர்ட் ஹென்றி போர்ட்டரின் முதலெழுத்துகள். அந்தந்தத் தோட்டங்களில் வடிப்பது நின்று, கலன்கள் ஒவ்வொன்றாக இடம் மாறி டயமண்டில் வந்து சேர்ந்தன. பி.எம். கனத்த சரக்கு, அதிமதுரமும் உலர்பழமும் மணக்கும். பிரிட்டிஷ் கடற்படை 1970 ஜூலை 31 வரை மாலுமிகளுக்கு அளந்து ஊற்றிய ரம் கலவையிலும் அதற்கு இடம் இருந்தது.

இந்தக் குறிகள் வெறும் சரக்கு அடையாளமல்ல. 1838 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் உழைத்த ஊர்கள் இவை. சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பெர்பிஸ் பகுதியில் இன்றும் காளியம்மன் பூசை செய்கிறார்கள். படையலில் ரம்மும் உண்டு. அந்தப் பகுதியில் உள்ள போர்ட் மூரன்ட்டில்தான் 1918இல் செட்டி ஜகன் பிறந்தார். கரும்புத் தோட்டத் தொழிலாளியின் மகன், பின்னாளில் நாட்டின் ஜனாதிபதி. கிரிக்கெட் வீரர் ரோஹன் கன்ஹாயும் அதே ஊர்க்காரர். என்மோரில் 1948 ஜூன் 16 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்த நாளை நாடு இன்றும் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறது.

என்மோர் சர்க்கரை ஆலை 2017 இறுதியில் மூடப்பட்டது. அதன் மரக்கலன் டயமண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. என்மோர் என்று அச்சிட்ட பழைய புட்டிகளை ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அந்த ரம்மில் பென்சில் சீவிய மணம் வருகிறது என்று மெச்சுகிறார்கள். அந்த மணத்தை விளக்க மரத்தைப் பற்றிப் பேசினால் போதும். அந்தப் பெயரை விளக்க வேண்டுமென்றால், சுடப்பட்ட அந்த ஐந்து பேரைப் பற்றியும் பேசியாக வேண்டும்.